முட்டா கால்வாயும் இருவர் மிதிக்கும் சைக்கிளும்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சேகர் இப்பப் பேசறாரா?" என்றுதான். "பேசறாருங்க" என்கிறேன். பொய் இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குத்தான் புரிவதில்லை.

இந்த மார்கழியோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி மாளவில்லை. பாதி சொல்லும்போதே, "அதெப்படிங்க தமிழ் மட்டும் மறக்கும்?" என்று சிலர் சிரித்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதல் வாரம் எனக்கே அவர் விளையாடுகிறார் என்றுதான் தோன்றியது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சேர்த்து.

நான் ஈரோட்டுக்காரி. கல்யாணமாகிப் புனே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் சேகர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, போபோடியில் ஒரு சந்துக்குள் குடித்தனம் வைத்தவர். சேகர் படித்தது மராத்தி மீடியம். வீட்டில் கேட்ட வேலூர்ப் பேச்சையும் சந்தில் பேசிய மராத்தியையும் கலந்த ஒன்றைத்தான் அவர் தமிழ் என்று நம்பியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பாவிடம், "இன்னாங்க, உங்க ஊர்ல ஊன் ஜாஸ்தியா கீது" என்றார். ஊன் என்றால் மராத்தியில் வெயில். அப்பா என்ன புரிந்துகொண்டாரோ, "நாங்க சைவமுங்க" என்றார். அவர்கள் கிளம்பிய பிறகு என் சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பையன் தங்கமான பையனாட்டத்தான் இருக்கறான். பேசறதுதான் என்ன பாஷைன்னு தெரியல."

நான் மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆபீசில் ஆங்கிலம், காய்கறிக்காரரிடம் இந்தி. மராத்தி தேவைப்படுகிற இடத்திலெல்லாம் சேகர் பக்கத்தில் இருந்தார். கேஸ் இணைப்பு, வீட்டு வரி, பள்ளிக்கூட டீச்சர், எல்லாம் அவர்தான். காது கேட்டுக் கேட்டுச் சில வார்த்தைகள் பிடிபட்டன. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

2

நாங்கள் சைக்கிளுக்கு வந்தது நாற்பது தாண்டிய பிறகு. சேகருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அவருக்கு அலுப்பு. கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் முட்டா கால்வாய் எங்கள் ஹடப்சரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஊருக்குள் அதைப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். லோணி தாண்டினால் அதே தண்ணீர் வேறு மாதிரி. கரைமேல் மண் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கீழே கரும்பு.

புனேயில் சைக்கிள்காரர்கள் நிறைய. பெரும்பாலும் மலை ஏறுகிற கூட்டம். விடிவதற்குள் சிங்கட் கோட்டை ஏறி இறங்கி, எத்தனை நிமிடம் என்று படம் போடுவார்கள். நாங்கள் மெதுவாகப் போகிற கட்சி. கால்வாய்ப் பாதையின் சுகம் அதுதான்: தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக வெட்டியது, அதனால் மேடும் பள்ளமும் இருக்காது. தண்ணீர் போகும் வேகத்தில் நீங்களும் போகலாம். கேரியரின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு, நீரா கால்வாய் ஓரமாகப் பாராமதி வரை ஒரு முறை போனோம். முளா-முட்டா ஆறு பீமாவில் சேருகிற இடம் வரை ஒரு முறை. ராத்திரிக்கு யாராவது ஒரு விவசாயி வீட்டு மாடி கிடைக்கும். சோள ரொட்டியும் கடலைமாவில் கிண்டிய பிட்லாவும் போடுவார்கள்.

ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதன் கரையில் நான் சைக்கிள் ஓட்டியதே இல்லை. வயசுப் பெண்ணுக்கு வாய்க்கால்மேட்டில் என்ன வேலை என்று அப்பா விட்டதில்லை. வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்ட நான் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வர வேண்டியிருந்தது.

சேகர் வழியில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும் நிற்பார். மடை திறக்கிறவர், எருமை கழுவுகிறவர், வெல்லம் காய்ச்சுகிறவர். கால் மணி நேரம் மராத்தியில் பேசிவிட்டு என் பக்கம் திரும்புவார். "இந்த ஆளு இன்னா சொல்றான்னா கோகிலா, தண்ணி முறை வெச்சித்தான் வுடறாங்களாம். இவன் முறை வர்றதுக்குள்ள கரும்பு வாடிப் பூடுதாம். இவன் பையன் விமான் நகர்ல ஓட்டல் வேலைல கீறானாம், இந்தப் பக்கமே வர்றதில்லையாம்." நான் தலையாட்டுவேன். அந்த மனிதரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். இப்படியே இந்த ஜில்லாவின் பாதிக் கதை எனக்குப் போபோடித் தமிழில் வந்து சேர்ந்தது.

3

போன வருடம் மார்கழியில் தௌண்ட் வரை இரண்டு நாள் பயணம் போவதாக இருந்தோம். பைகள் கட்டி, சைக்கிள்கள் லிஃப்ட் பக்கத்தில் நின்றன. சேகர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவர் விழுந்த சத்தம்.

ஆஸ்பத்திரியில் சீக்கிரமே சேர்த்துவிட்டோம். பக்கவாதம், மூளையின் இடது பக்கம் என்றார்கள். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு பத்து நாளைக்கு மேல் வரவேயில்லை. ஒரு நாள் காலை, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு "பாணீ" என்றார். தண்ணீர். நானும் என் மகள் நிலாவும் கட்டிக்கொண்டு அழுதோம். அது மராத்தி என்று அப்போது உறைக்கவில்லை.

பிறகு வந்த சொற்கள் எல்லாமே மராத்திதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் நான் எழுதியிருந்த 'தமிழ்' என்பதைப் பார்த்தார். சேகரோடு இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு அதை அடித்து 'மராத்தி' என்று எழுதினார். "எது முதல்ல வருதோ அதைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம் மேடம். மத்தது பின்னாடி வரலாம்" என்றார் ஆங்கிலத்தில். வரலாம் என்றுதான் சொன்னார். வரும் என்று சொல்லவில்லை.

தமிழில் நான் சொன்னால் அவருக்குப் புரியும், ஆனால் தாமதமாக, தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி. களைத்திருந்தால் அதுவும் வராது. இந்தியும் அப்படியேதான். பதில் எப்போதும் மராத்தி, அதுவும் குழறி, முன்னும் பின்னும் சொற்கள் உதிர்ந்துபோன மராத்தி. ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் வாங்கி நானும் படித்தேன். புத்தகத்தில் இருப்பது ஒன்று, அவர் வாயிலிருந்து வருவது ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தமிழ்ப் பயிற்சியாளரை வீடியோவில் பிடித்தேன். அந்தப் பெண் யானைப் படத்தைக் காட்டி, "இது என்னங்க சார்?" என்பார். சேகர் மரியாதையாகச் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார். சில வாரங்களில் நானே அதை நிறுத்திவிட்டேன். அவர் கண்ணில் இருந்த அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் பெயர் என்ன, முகவரி என்ன என்று மராத்தியில் கேட்டார். ஆயிரம் முறை சொல்லிப் பழகியது, சேகர் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டார். கவுன்ட்டர்க்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தானே பேசறார்? பேச்சுக் குறைன்னு எழுதியிருக்கீங்க?" என்றார். "என்கிட்டப் பேச வரலைங்க" என்று இந்தியில் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் இந்த ஒரு வருடமாக எங்கள் நடுவில் நின்றது நிலாதான். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கொஞ்சம் தட்டித் தடுமாறும், மராத்தி தண்ணீர் பட்ட பாடு. அப்பாவும் மகளும் ஹாலில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். சமையலறையிலிருந்து நான், "என்ன சொல்றார்?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஜோக்" என்பாள். "அம்மா, அப்பா உப்பு கம்மி சொல்றார்." "அம்மா, அப்பாக்கு நீ லேட் வந்தா பயம் வர்து சொல்றார்." என் புருஷன் என்னை நினைத்துப் பயப்படுவதை மகள் வந்து சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இப்போது அவளுக்கு ஹைதராபாத்தில் ஆறு மாதப் பயிற்சி வேலை. பொங்கல் கழித்துக் கிளம்புகிறாள். "நீ டென்ஷன் எடுக்காதேம்மா, வீடியோ கால்ல நான் இருக்கேன்ல" என்கிறாள். ஆறு மாதம் என்பது ஆறு மாதம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அங்கேயே வேலை கொடுப்பார்கள். கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

4

இருவர் மிதிக்கும் சைக்கிள் யோசனை நிலாவுடையது. அவள் சிநேகிதியின் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. முன்னால் நான், பின்னால் அவர். கைப்பிடியும் பிரேக்கும் என்னிடம், அவர் மிதித்தால் போதும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரும் சரி என்றார். ஒரே நிபந்தனை, நிறுத்தும்போது சேகர் எப்போதும் இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். வலது முழங்கால் அவர் எடையைத் தாங்காது.

அந்த வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் இருப்பவருக்கு என் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் முகம் எனக்குத் தெரியாது. கிளம்புவது, நிறுத்துவது, மெதுவாக்குவது எல்லாம் வாயால்தான் சொல்ல வேண்டும், சொன்ன கணமே அவருக்கு எட்ட வேண்டும். தமிழ் அவரிடம் போய்ச் சேருவதற்குள் மரத்தில் மோதிவிடுவோம். அதனால் நிலா எனக்கு மராத்தியில் சொல்லிக்கொடுத்தாள். சல், கிளம்பு. தாம்ப், நில். ஹளூ, மெதுவாக. டாவா, இடது. உஜவா, வலது.

குடியிருப்பின் பின்பக்கச் சாலையில் காலைகளில் பழகினோம். நான் "சல்" என்பேன், முதுகுக்குப் பின்னால் மிதி அழுந்தும். "தாம்ப், டாவா" என்பேன், இடது செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்கும். சொல்லப்போனால் ஒரு வருடத்தில் நான் சொல்லி அவர் உடனே புரிந்துகொண்டது அந்தச் சொற்களைத்தான். எனக்கு அதில் ஒரு பேராசை வந்துவிட்டது. நிலா ஹைதராபாத் போவதற்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கால்வாய்க் கரையில் ஒரு நாள் போய் வந்துவிட்டால், பிறகு மற்றதையும் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

போன ஞாயிறு ஒரு டெம்போவில் சைக்கிளை ஏற்றி உருளி காஞ்சன் ஊரைத் தாண்டி இறங்கினோம். நிலாவும் வருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

5

நல்ல குளிர். கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள், கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை நிறைந்து போனது. கரும்பு வெட்டு நடக்கிற காலம், எங்கே பார்த்தாலும் வெல்ல வாசனை. ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் ஏதோ கேட்க, சேகர் பதில் சொல்லத் தொடங்கினார். ஒரு சொல் வந்து, அடுத்த சொல் வராமல் கை காற்றில் தேடியது. கடைக்காரர் அவசரப்படவில்லை. பாலை ஆற்றிக்கொண்டே காத்திருந்தார். சொல் வந்ததும் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டி அடுத்ததைக் கேட்டார். பழைய மாதிரியே கால் மணி நேரம் பேசிவிட்டு சேகர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். "இந்த ஆளு இன்னா சொல்றான்னா" என்று வரும் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பிறகு டீ கிளாஸை என்னிடம் நீட்டி, குடி என்று சைகை காட்டினார்.

யவத் பக்கம் போகும்போது வலது பக்கம் கால்வாய். வெயில் ஏறி முதுகுக்கு இதமாக இருந்தது. சேகர் பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். பாட்டா பேச்சா தெரியவில்லை. அப்போது கரும்புக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு பாதைக்கு நடுவே பாய்ந்தன. நான் பிரேக்கை அழுத்தினேன். கத்தினேன்.

"தாம்ப்! உஜவா! உஜவா!"

வாயிலிருந்து வந்த பிறகுதான் மாற்றிச் சொன்னது தெரிந்தது. அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, சொன்னபடி வலது காலை ஊன்றினார். முழங்கால் மடங்கியது. சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தது. நான் பாதை ஓரத்தில் விழுந்தேன். அவர் என்னைத் தாண்டிச் சரிவில் உருண்டு போனார்.

சரிவில் சிமென்ட் பலகை பதித்திருந்தார்கள், பாசி படிந்து வழுக்கியது. இடுப்பு வரை தண்ணீருக்குள் போய்விட்டார். நல்ல கை இடது கை, அதை மேலே நீட்டியிருந்தார். நான் குப்புறப் படுத்து அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தேன். மறு கையில் விளிம்பில் இருந்த ஒரு புதரின் வேர். தண்ணீர் கரையிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு சாதுவாகப் போகிறது! அதன் இழுப்பு பிடித்தபோதுதான் தெரிந்தது. அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திரும்பியது. என் மார்பும் அதோடு நகர்ந்தது.

"ஐயோ, ஆராச்சும் வாங்களே! ஐயோ சாமீ!" என்று கத்தினேன். இந்தியில் கத்த வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

சேகர் என்னை நேராகப் பார்த்தார். "சோட்" என்றார். மறுபடியும், "சோட்... சோட்..."

சோட் என்றால் விடு. பாடப் புத்தகத்தில் படித்த சொல். விடாதே என்று சொல்வதற்கும் அதே சொல்லில்தான் தொடங்க வேண்டும், பின்னால் இன்னொரு சொல் வரும். அவருக்குத்தான் பின்னால் வரும் சொற்கள் உதிர்ந்துபோகுமே. என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று விடச் சொன்னாரா, பயத்தில் விட்டுவிடாதே என்றாரா, அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருடம் பார்த்த முகம்.

"மாட்டேனுங்க" என்றேன். "மாட்டேன், மாட்டேன்." அது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

6

மாட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் தனியாள், ஐம்பது வயதிருக்கும். பார்த்ததும் இறங்கி ஓடிவந்தார். பாரம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை வண்டியில் முடிந்து, மறு முனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். சேகரை அக்குளுக்குக் கீழே கட்டிப் பிடித்து மேலே தள்ளினார். நான் இழுத்தேன். மூன்று பேரும் பாதையில் வந்து கிடந்தோம். நாய்கள் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முன் சக்கரம் வளைந்த சைக்கிளைத் தீவனத்தின் மேல் போட்டுவிட்டு, லோணி வரை கொண்டு விடுகிறேன் என்றார் ஓட்டுநர். கிளம்பும் முன் கரையிலிருந்தே நிலாவுக்குப் போன் செய்தேன், காரில் லோணிக்கு வருகிறேன் என்றாள். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியாத குரல். ஓட்டுநர் தன் போர்வையை சேகருக்குப் போர்த்திவிட்டார். முன் சீட்டில் மூன்று பேர், நடுவில் சேகர். தன் பெயர் பாண்டுரங் என்றார் ஓட்டுநர். சேகரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். குளிரில் பல் தந்தியடிக்க சேகரும் ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆள் பிழைத்துச் சிரிக்கிறார், அதுவே போதும் என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். என்ன சிரிப்பு என்று கேட்க நிலா இல்லையே என்று நினைத்தேன்.

"போபோடிக்காரராமே" என்றார் ஓட்டுநர் என்னிடம் இந்தியில். "நீங்க?"

"தமிழ்நாடு."

"அப்ப ரெண்டு பேரும் வீட்ல என்ன பேசுவீங்க?"

நான் வேறு ஒன்று கேட்டேன். "அண்ணா, அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? தண்ணிக்குள்ள இருக்கும்போது 'சோட்'ன்னு சொன்னார். விடச் சொன்னாரா, விடாதேன்னாரா?"

ஓட்டுநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சேகரிடம் மராத்தியில் கேட்டார். சேகர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார், நடுவில் நின்றார், திரும்பவும் சொன்னார். ஓட்டுநர் அந்த டீக்கடைக்காரரைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்.

"அது அவருக்கு நினைவில்லையாம்" என்றார். "உங்களுக்குக் கை வலிக்குதான்னு கேக்கறார்."

அப்போதுதான் கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. தோலில் அவருடைய நகம் பதிந்த தடம். "இல்லீங்க, வலிக்கலை" என்று சேகரைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். மிகவும் களைத்திருந்தார். எதுவும் உள்ளே போகவில்லை.

"வலிக்கலைன்னு சொல்லுங்க" என்றேன் ஓட்டுநரிடம்.

அவர் சொன்னார். சேகர் குனிந்து, என் கையைத் தொடாமல், போர்வைக்குள் இருந்தபடியே அதைப் பார்த்தார். ஓட்டுநரிடம் இரண்டு சொல் சொன்னார். ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"பொய் சொல்றீங்களாம்" என்றார் என்னிடம்.

என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த மனிதர்தான் அதைச் சொல்லி அனுப்பியிருந்தார்.